கரண்ட்டை நிறுத்துகிறவள்

காலை பத்து மணிக்கு ஏழு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கரண்ட்டை ஒரேயடியாகப் பிடுங்கப் போகிறார்கள். பிடுங்கச் சொல்லப் போகிறவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழரைக்கே வந்து, மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி, மஞ்சள் நாடா எங்கேயாவது மிச்சம் தொங்குகிறதா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை ஏறிப் பார்த்துவிடலாமா என்று யோசித்தாள். அவள் சுபாவம் அது.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் நாடாக்கா. வயது முப்பத்திரண்டுதான், ஆனால் அறுபதைத் தொடப்போகிற பெயின்டர்கூட நாடாக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் பார்க்கிற வேலைக்குக் கமிஷனிங் என்று பெயர். பெயரைக் கேட்டதும் “எத்தனை பர்சென்ட்?” என்று கண்ணடிக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். விஷயம் ரொம்பச் சின்னது. ஃபேன் மாட்டுகிறவர், பம்ப் வைக்கிறவர், லிஃப்ட்காரர் எல்லோரும் தனித்தனியாக வந்து “முடிஞ்சுது” என்பார்கள். இவள் போய் “அப்படியா, காட்டுங்க” என்பாள். ஒவ்வொன்றும் தனியாக ஓடுகிறதா, எல்லாம் சேர்ந்து ஓடுகிறதா, தீப்பிடித்தால் என்ன செய்யும், கரண்ட் போனால் என்ன செய்யும் என்று கெடுத்துக் கெடுத்துப் பார்ப்பதுதான் வேலை. அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், “என் பொண்ணு கரண்ட்டை நிறுத்துற வேலை பாக்குறா” என்று சொல்லிவைத்திருக்கிறாள். தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் இவர்கள் வாசலை ஒரு மாதிரி பார்ப்பதுண்டு.

நாடா விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு எந்திரத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அதனிடம் கொஞ்சம் பொய் சொல்லியாக வேண்டும். புகையே இல்லாதபோது புகை வந்துவிட்டது என்று ஃபேனை நம்பவைக்க வேண்டும். திறந்திருக்க வேண்டிய வால்வை மூடிவைத்துவிட்டு, பம்ப் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பொய் சொன்ன இடத்தில் எல்லாம் ஒரு மஞ்சள் நாடா கட்டி, அதில் எண் எழுதிவைப்பாள். வேலை முடிந்ததும் பொய்யைத் திரும்பப் பெற்று நாடாவை அவிழ்த்து ஒரு பெரிய அட்டையில் ஒட்டுவாள். எத்தனை கட்டினோமோ அத்தனையும் அட்டைக்கு வந்து சேர்ந்தால்தான் கட்டடம் நிஜத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டடத்தில் கட்டியது நாற்பத்து மூன்று. அட்டையில் இருந்ததும் நாற்பத்து மூன்று. மூன்று தடவை எண்ணி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தாள். முதன்முறையாக ஒரு முழுக் கட்டடத்துக்கு அவள் தனியாகப் போட்ட கையெழுத்து அது.

மின்சார வேலை முழுவதும் அவளுடைய அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனியுடையது. அண்ணன்தான் அங்கே ஃபோர்மேன். அண்ணன் செய்ததைத் தங்கை சோதிக்கிறாள் என்று ஆரம்பத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். முதல் மாதத்திலேயே அவன் போட்ட பதினேழு இணைப்புகளை அவள் திருப்பி அனுப்பியதும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. வேலையிடத்தில் அவளை அவன் மேடம் என்பான். வீட்டில் லூசு என்பான்.

இந்தச் சோதனையில் யாருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று கேட்டால், அதற்கு அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி அதே வளாகத்தில், முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பழைய கட்டடத்தில், குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். அந்தப் பகுதியில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பழைய கட்டடத்து ஜெனரேட்டரைக் கிளப்புவதற்குள் ஒரு ஆளுக்குக் கைகால் சோர்ந்துவிடும். மூச்சுக் கருவிகளுக்கு பேட்டரி இருக்கிறது, ஆனால் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கிற படுக்கைகளுக்கு ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் நர்ஸ்கள் குழந்தைகளைப் போர்வைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது அங்கே பதினொரு குழந்தைகள். நாளைக் காலை அவர்களைப் புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். இன்றைய சோதனையில் தேறாவிட்டால், பாதுகாப்பு ஆய்வாளர் மறுபடி வர நாற்பது நாள் ஆகும்.

“நாற்பது நாள்ல எத்தனை தடவை கரண்ட் போகும்னு உனக்குத் தெரியுமா?” என்று முந்தின நாள் சாப்பிடும்போது அண்ணி கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கை கழுவப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். அண்ணன், வெளிக் கரண்ட் உள்ளே வருகிற மெயின் ரூமில், அதை அணைக்கிற கைப்பிடியைப் பிடித்தபடி. அண்ணி மூன்றாம் மாடியில் காலி வார்டில், கையில் வாக்கி டாக்கியோடு. நாடாக்கா தரைத்தளத்துக் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால். அவளுக்குப் பக்கத்தில் ஆய்வாளர். நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஸ்டாப்வாட்ச், வார்த்தைக்கு வரி கட்டுகிறவர் மாதிரியான பேச்சு. பின்னால் கட்டுமானக் கம்பெனியின் மேலாளர். திறப்பு விழாவுக்கு ரிப்பன்கூட வாங்கிவைத்துவிட்ட மனிதர்.

“வார்டுக்குப் பதினைஞ்சு செகண்ட்ல கரண்ட் வரணும். மூணு நிமிஷத்துல கட்டடம் முழுக்க ஓடணும்,” என்றார் ஆய்வாளர்.

“வரும் சார். ஓடும் சார்,” என்றார் மேலாளர், அவரே ஜெனரேட்டரைப் பெற்றெடுத்தவர்போல.

நாடாக்கா வாக்கி டாக்கியை எடுத்தாள். “மூணு, ரெண்டு, ஒண்ணு. இறக்கு.”

கட்டடம் அப்படியே நின்றது. இருட்டைவிட அந்த அமைதிதான் முதலில் தெரிந்தது. இத்தனை நாளும் எத்தனை ஃபேன், எத்தனை பம்ப் முணுமுணுத்துக்கொண்டிருந்தன என்பது அவை வாயை மூடியபோதுதான் உறைத்தது. அவள் மனசுக்குள் எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. எட்டில் விளக்கு வந்தது.

“வந்துருச்சு,” என்று மேலாளர் கைதட்டினார்.

ஒன்பதாவது விநாடியில் நாடாக்கா தலையைத் தூக்கினாள். காதில் விழுந்தது சரியில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய சத்தங்கள் ஒரே குரலில் வந்தன. லிஃப்ட், மாடிப்படி ஃபேன்கள், குளிர்நீர் பம்ப்கள், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. ஜெனரேட்டர் முனகியது. விளக்கு மஞ்சளாகி, மங்கி, போய்விட்டது. மறுபடி அமைதி.

இருட்டில் அண்ணியின் குரல் கேட்டது. “இங்க வார்டுல ஒண்ணுமே இல்ல. இப்படித்தான் இருக்குமா?”



மெயினை மறுபடி போட்டு விளக்கு வந்ததும், மேலாளர் நேராக மெயின் ரூமுக்கு ஓடினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அண்ணன் ஜெனரேட்டர் பேனலின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். முகம் செத்திருந்தது.

“என்னய்யா வேலை பாத்து வச்சிருக்க?” என்றார் மேலாளர். “ஆய்வாளர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே.”

“முந்தாநாள் ஒரு கேபிள் ஜாயின்ட்டை மாத்தினேன் சார்,” என்றான் அண்ணன். “அதுவாத்தான் இருக்கணும். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு நாள்.”

ஆய்வாளர் கோப்பை மூடினார். “பன்னிரண்டரை வரைக்கும் இங்க இருப்பேன். அதுக்கப்புறம் நாற்பது நாள் கழிச்சுத்தான்.”

நாடாக்கா கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி ஓடினாள். கம்ப்யூட்டர் எதையும் மறப்பதில்லை. எந்த மோட்டார் எந்த விநாடியில் கிளம்பியது என்று வரிசையாக எழுதிவைத்திருந்தது. பதினெட்டு மோட்டார்கள். பதினெட்டுக்கும் எதிரில் ஒரே விநாடி. பஸ் வந்து நின்றதும் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலில் ஏறப் பார்த்திருக்கிறது. ஜெனரேட்டர் தாங்குமா? உண்மையில் முதலில் வார்டும் ஆபரேஷன் தியேட்டரும், பத்து விநாடி கழித்து லிஃப்ட், அப்புறம் ஃபேன்கள், கடைசியில் பம்ப்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். மேலிருந்து கீழே வரைக்கும் பூஜ்யம்.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். ஏழாம் மாடிப் பம்ப் ஒன்று தகராறு செய்தது. ஒவ்வொரு தடவை நிறுத்திக் கிளப்பும்போதும் அதன் முறை வர இரண்டே முக்கால் நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு தடவை காத்திருந்தாள். பசி வேறு. இன்றைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு பட்டியல் முழுக்கப் பூஜ்யம் அடித்தாள். பழக்கதோஷத்தில் நாடாச் சுருளைக்கூடக் கையில் எடுத்தாள். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் எங்கே நாடா கட்டுவது? எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்போது யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

சின்னப் பிழைதான். திருத்த அரை நிமிஷம் போதும். எண்களை உள்ளே போட்டுவிட்டு, “இன்னொரு தடவை பாத்துடலாம் சார்” என்று சொன்னால், கட்டடம் தேறிவிடும். அண்ணன் எதையோ முறுக்கினான், சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். யாரும் கேட்கப்போவதில்லை. அந்த யோசனை வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றி முழுதாகச் சொன்னதாகாது. வந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் இருந்தது. அப்புறம், அண்ணன் இனி ஒவ்வொரு ஜாயின்ட்டையும் போடும்போது இதை நினைத்து நினைத்துக் குழம்பப் போகிறானே என்று தோன்றியது. அதற்கும் மேலே, நாளைக்கு அந்தப் பதினொரு குழந்தைகளும் படுக்கப் போவது தன் கையெழுத்தின் மேல்தான் என்று தோன்றியதும் முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. எழுந்து மெயின் ரூமுக்குப் போனாள்.

அண்ணன் முதல் ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தான்.

“கழட்டாத,” என்றாள். “சார், ஜெனரேட்டர்ல தப்பில்ல. ஜாயின்ட்லயும் தப்பில்ல. நான் பண்ணது.”

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பசியைக்கூடச் சொன்னாள். கையில் வாக்கி டாக்கி திறந்தே இருந்தது, அதனால் மூன்றாம் மாடியில் அண்ணிக்கும் எல்லாம் கேட்டது.

மேலாளருக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அண்ணனைத் திட்டிய வேகத்தில் இவளைத் திட்ட அவரிடம் மூச்சு மிச்சமில்லை. ஆய்வாளர்தான் பேசினார்.

“நாற்பத்து மூணு நாடாவும் திரும்ப வந்துருச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“போட்டிருக்கேன் சார். இதுக்கு நாடா கட்டல.”

“வேற எதுக்கெல்லாம் கட்டல?”

அந்தக் கேள்விக்கு முன்னால் மற்றதெல்லாம் விளையாட்டு. “ஞாபகம் இல்ல சார்,” என்றாள். “என் ஞாபகத்தை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா கம்ப்யூட்டர்ல யாரு, என்னைக்கு, எதை மாத்தினாலும் அதுலயே பதிஞ்சிருக்கும். உங்க முன்னாடியே உக்காந்து ஒவ்வொரு வரியா பாத்துடலாம்.”

ஆய்வாளர் மணியைப் பார்த்தார். “எத்தனை வரி?”

“இருநூத்திப் பன்னிரண்டு.”

“உக்காருங்க.”

அப்புறம் நடந்ததுதான் நாடாக்கா தன் ஆயுளில் செய்த வேலைகளிலேயே வேகமானது. அவள் வரியைப் படிப்பாள், அண்ணன் வாக்கி டாக்கியில் கத்துவான், எந்த மாடியிலாவது எவனாவது ஓடிப்போய் எந்திரத்தைப் பார்த்து “சரியா இருக்குண்ணே” என்பான், ஆய்வாளர் டிக் அடிப்பார். முதல் ஐம்பது வரி முடிவதற்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கூப்பிடாமலே ஆட்கள் வந்து மாடிக்கு இரண்டு பேராக நின்றுகொண்டார்கள். பெயின்டர்கூட தூரிகையை வைத்துவிட்டு ஐந்தாம் மாடியில் ஓடினார். நூறைத் தாண்டியபோது அவள் பயம் போய், ஒருவித வெறி பிடித்துக்கொண்டது. ஆய்வாளரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

நூற்று அறுபத்தேழாவது வரியில் இன்னொன்று மாட்டியது. நாலாம் மாடியின் ஏசி பதினாறு டிகிரியில் நின்றுகொண்டிருந்தது.

“ஓஹோ,” என்றான் அண்ணன். “அதான் நாலாவது மாடியில என் பசங்க பத்து நாளா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வேலை பாக்குறாங்களா. கூலிக்கு மேல குளிர்படி கேட்டானுங்க மேடம்.”

ஆய்வாளர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள். அழகான சிரிப்பு, ஏன் இத்தனை நாள் ஒளித்துவைத்திருந்தாரோ.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. காத்திருப்பு நேரங்களை அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள், ஆய்வாளர் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். அண்ணன் மெயின் ரூமுக்குக் கிளம்பும்போது அவள் பக்கத்தில் குனிந்து, “பத்து நிமிஷம் என் ஜாயின்ட் மேல எனக்கே சந்தேகம் வர வச்சிட்ட. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்,” என்றான். குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

“மூணு, ரெண்டு, ஒண்ணு. இறக்கு.”

இருட்டு. அமைதி. ஏழில் உறுமல். எட்டில் வெளிச்சம்.

“வார்டுல வந்துருச்சு,” என்றாள் அண்ணி.

நாடாக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். பத்து விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் லிஃப்ட் மோட்டார் மட்டும் மெதுவாக முனகியது. அது நிலைத்த பிறகு முதல் மாடிப்படி ஃபேன். அது வேகம் பிடித்த பிறகு இரண்டாவது. ஒவ்வொன்றும் சேரும்போது ஜெனரேட்டர் ஒரு கணம் குரலைத் தாழ்த்தி, பாரத்தைத் தோளில் ஏற்றி, மறுபடி நிமிர்ந்தது. அவளுக்கு அது ஒவ்வொன்றும் தெரிந்தது. எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. கடைசியில் தகராறு பிடித்த ஏழாம் மாடிப் பம்ப்பும் தன் முறைக்குக் காத்திருந்து நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி.

ஆய்வாளர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். “பாஸ்,” என்றார். மேலாளர் மெயின் ரூமுக்கு ஓடி அண்ணனைக் கட்டிப்பிடித்து, கையோடு கூட்டிவந்தார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தபோது அண்ணி மாடிப்படியில் இறங்கி உள்ளே வந்தாள். வார்டுக்குப் பொறுப்பானவள் என்ற முறையில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் போட மாட்டேன்,” என்றாள்.

“அண்ணி,” என்றாள் நாடாக்கா.

“கோபமெல்லாம் இல்ல. நீ ஒத்துக்கிட்டது எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு. ஆனா நீங்க மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு சொல்லிட்டு அணைக்கறீங்க. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. நெஜமா போகும்போது கரண்ட் சொல்லிட்டா போகுது? நான் அணைக்கிறேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். நீங்க யாரும் எதையும் தொடாம உங்க பாட்டுக்கு இருங்க. அப்பவும் வந்துச்சுன்னா என் பிள்ளைங்களைக் கொண்டு வர்றேன்.”

மேலாளர் வாயைத் திறந்தார். ஆய்வாளர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன், எனக்கு இது தோணலையே,” என்றார். இருபது வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியமாக இருக்கலாம்.

அண்ணி மெயின் ரூமுக்குப் போனாள். எந்தக் கைப்பிடி என்று காட்ட அண்ணன் கூடப் போனான். நாடாக்காவும் ஆய்வாளரும் மூன்றாம் மாடி வார்டுக்கு ஏறினார்கள். கட்டுப்பாட்டு அறையை வெறுமனே பூட்டிவிட்டார்கள். மேலாளருக்கு நிலைகொள்ளாமல், ஏழாம் மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லிஃப்ட்டில் ஏறினார்.

வார்டு வெயிலும் புதுப் பெயின்ட் வாசனையுமாக இருந்தது. இரண்டு வரிசையில் காலிப் படுக்கைகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எரிகிற சின்னப் பச்சை விளக்கு. ஜன்னலுக்கு வெளியே முற்றம், முற்றத்துக்கு அந்தப்புறம் பழைய கட்டடம். நாடாக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. சோதனை என்றால் அவள்தான் நேரம் குறிப்பாள், அவள்தான் சொல்வாள். இப்போது அவளும் மற்றவர்களைப் போலச் சும்மா நின்றாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அண்ணியின் அழுத்தம் அவளுக்குத் தெரியாததா? வேண்டுமென்றே இழுக்கிறாள்.

“உக்காருங்களேன்,” என்றார் ஆய்வாளர்.

“முடியல சார்.”

“எனக்கும்தான்.”

பச்சை விளக்குகள் போய்விட்டன.

ஏசி நின்றது. நாடாக்கா எண்ணத் தொடங்கினாள், வாய்விட்டே எண்ணினாள். ஆய்வாளர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்கவே இல்லை, அவள் வாயைத்தான் பார்த்தார். ஆறு. ஏழு. கீழே எங்கோ தரை லேசாக அதிர்ந்தது. எட்டு. பச்சை விளக்குகள் இரண்டு வரிசையிலும் ஒன்றாக எரிந்தன. அவள் நிறுத்தவில்லை. பதினெட்டில் லிஃப்ட், அப்புறம் ஒரு ஃபேன், இன்னொரு ஃபேன், ஒன்றுவிடாமல், ஒன்றும் முந்தாமல். அவள் சிரித்துக்கொண்டே எண்ணினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாக்கி டாக்கியில் மேலாளரின் குரல் வந்தது. “நான் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னேன். இப்ப தானா நகருது. நல்லாத்தான் நகருது.”

கடைசிப் பம்ப் சேர்ந்ததும் நாடாக்கா பொத்தானை அழுத்தினாள். “அண்ணி, எட்டு செகண்ட். எல்லாம் வரிசையா வந்துருச்சு.”

பதில் சொன்ன அண்ணியின் குரல் விநோதமாக இருந்தது.

“நான் இன்னும் கையே வைக்கலடி. இங்க திடீர்னு இருட்டாச்சு. நான்தான் எதையோ தொட்டுட்டேன்னு உங்கண்ணன் என்னை முறைக்கிறாரு.”

நாடாக்காவும் ஆய்வாளரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்குத் திரும்பினார்கள். முற்றத்தின் அந்தப்புறம் பழைய கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் இருண்டிருந்தன. மதிலுக்கு அப்பால் கடைகளின் பலகை விளக்குகளும் இல்லை. நிஜமாகவே போயிருந்தது. யாரும் சொல்லாமல், ஊருக்கே போயிருந்தது.

“அண்ணி, பழைய வார்டு,” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி முற்றத்தில் ஓடுவது தெரிந்தது. வெள்ளைச் சீருடை வெயிலில் பளிச்சென்று ஓடியது. அவளுக்குப் பின்னால் அண்ணன்.

மூன்று நிமிஷம் கழித்து அண்ணன் வாக்கி டாக்கியில் மூச்சு வாங்கியபடி பேசினான். “இங்க ஜெனரேட்டர் கிளம்பவே மாட்டேங்குது. உங்கண்ணி டாக்டர்கிட்ட பேசிட்டா. டாக்டர் ஒண்ணுதான் கேட்டாரு, எதிர் கட்டடத்துல வெளிச்சம் தெரியுதே, அது நிக்குமான்னு.”

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“நிக்கும்னா. அவ்வளவுதான். கொண்டு வர்றோம். நாளைக்கு இல்ல, இப்பவே.”

ஆய்வாளர் கோப்பை வார்டுச் சுவரில் அழுத்திவைத்து, அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார். புதுப் பெயின்ட்டில் பேனா தடம் விழுந்துவிட்டது, யாரும் கவலைப்படவில்லை. ஏழு மாடி ஆட்களும் சொல்லாமலே இறங்கிவந்து முற்றத்திலும் வராந்தாவிலும் வழிவிட்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் லிஃப்ட்டில் மாட்டிய மேலாளர் இப்போது அதே லிஃப்ட்டின் கதவைத் தானே பிடித்துக்கொண்டு, யாரும் ஏறக் கூடாது என்று காவல் காத்தார்.

முதல் வண்டியை அண்ணி தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை, நாடாக்காவின் முன்னங்கை அளவுகூட இல்லை. தலையில் சின்ன நீலத் தொப்பி. மூன்று மாதமாக இந்தப் படுக்கைகளுக்கு எத்தனை விநாடியில் கரண்ட் வரவேண்டும் என்று கணக்குப் போட்டவள், அதில் படுக்கப்போகிறவரை இப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படுக்கையின் ப்ளக்கைச் சரிபார்க்கக் கை நீட்டினாள்.

“கையை எடு,” என்றாள் அண்ணி, அவளைப் பார்க்காமலே. “இடம் விடு. இனிமே இது எங்க வேலை.”

நாடாக்கா சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். இரண்டாவது வண்டி வந்தது, மூன்றாவது வந்தது. நர்ஸ்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள், யாருக்கும் அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஜெனரேட்டர் கீழே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் அவளுக்கு இனி ஒரு வேலையும் இல்லை. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. பதினோராவது வண்டி உள்ளே போனதும் அண்ணன் வந்து பக்கத்தில் சுவரில் சாய்ந்தான். சட்டை நனைந்திருந்தது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“வா, சாப்பிடலாம்,” என்றான். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.